ஸ்கோப் வெளியே வந்த பிறகு

ரேடியாலஜியில் புதிதாகச் சேர்ந்தவர்களின் மேசைக்கு ஈஆர்சிபி படங்களை அனுப்பினால், தயங்கித் தயங்கி ஒரு கேள்வி வரும். “சார், கேஸ்ட்ரோ டாக்டர் நேரிலேயே பார்த்துக் கல்லை எடுத்துவிட்டார், ஸ்டென்ட்டும் வைத்துவிட்டார். நோயாளி வார்டுக்குப் போயாயிற்று. இனிமேல் நாம் பார்த்து என்ன ஆகப்போகிறது?”

நியாயமான கேள்விதான். பல இடங்களில் அனுபவசாலிகளே இந்தப் படங்களைத் திறந்துகூடப் பார்க்காமல், “எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட்டைக் காண்க” என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அந்தப் பழக்கம் உங்களை ஒட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எது கேமராவில் தெரிகிறது, எது எக்ஸ்ரேயில் தெரிகிறது என்று முதலில் பிரித்துப் பாருங்கள். வாய் வழியாக இறங்கும் ஸ்கோப், சிறுகுடலின் தொடக்கமான டியோடினம் வரைதான் போகிறது. பித்தமும் கணைய நீரும் குடலில் வந்து விழும் பாப்பில்லா என்ற சிறு முகப்பை அதன் கேமரா காட்டும். அதற்கு மேலே என்ன இருக்கிறது என்பது கேமராவுக்குத் தெரியாது. முகப்புக்குள் மெல்லிய கேத்தீட்டரைச் செருகி, கான்ட்ராஸ்ட் செலுத்தி, எக்ஸ்ரேயில் விழும் நிழலை வைத்துத்தான் பித்தக்குழாயையும் கணையக்குழாயையும் பார்க்கிறார்கள். 1968-ல் அமெரிக்காவில் வில்லியம் மெக்கூன் குழு இதை முதலில் செய்து வெளியிட்டபோதும் அப்படித்தான். 1974-ல் ஜப்பானில் கவாயும், ஜெர்மனியில் கிளாசனும் டெம்லிங்கும் பாப்பில்லாவைக் கீறிவிடும் சிகிச்சையைத் தொடங்கியபோதும் அப்படித்தான். குழாய்க்குள்ளேயே போகும் சிறு கேமராக்கள் இன்று இருந்தாலும், பெரும்பாலான நோயாளிகளுக்கு நடப்பது பழைய முறையே. நிழலைப் படிப்பது நம் தொழில். அந்த நிழலைக் கையில் வைத்துக்கொண்டு, இதில் நமக்கு வேலை இல்லை என்று சொல்ல முடியாது.

1. படத்தைத் திறப்பதற்கு முன் கேஸ் ஷீட்டைத் திறங்கள். விண்ணப்பத்தில் “ஈஆர்சிபி” என்று மட்டும் இருக்கும். காமாலையா, கணைய அழற்சியா, பித்தப்பை அறுவைக்குப் பின் கசிவா, பழைய ஸ்டென்ட் மாற்றவா? கேள்வி தெரியாமல் படித்தால் எல்லாப் படமும் ஒரேமாதிரித்தான் இருக்கும். பிலிருபின் அளவு, காய்ச்சல், முந்தைய அறுவை ஆகிய மூன்றையும் குறித்துக்கொண்டு உட்காருங்கள்.

2. கான்ட்ராஸ்ட் போகும் முன் எடுத்த வெறும் படத்தைத் தேடுங்கள். நம் பகுதியில் இதற்குத் தனி அவசியம் உண்டு. வெப்பமண்டலக் கணைய அழற்சி என்ற நோயைக் கேரளத்தில் கீவர்கீஸ் விரிவாகப் பதிவு செய்தார். அதோடு வரும் நீரிழிவைச் சென்னையில் விஸ்வநாதனும் மோகனும் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். மது அருந்தாத இளவயதினருக்கும் கணையக்குழாயில் பெரிய, அடர்ந்த சுண்ணாம்புக் கற்கள் இருக்கும். முதல் இரண்டு இடுப்பு முள்ளெலும்புகளின் மட்டத்தில், முதுகெலும்புக்குக் குறுக்கே, வெறும் எக்ஸ்ரேயிலேயே அவை தெரியும். கான்ட்ராஸ்ட் நிரம்பிவிட்டால் அந்த வெண்மைக்குள் அவையும் கரைந்துவிடும். பிறகு எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் கிடைக்காது.

பழைய அறுவையின் கிளிப்புகள், ஏற்கெனவே வைத்த ஸ்டென்ட், முந்தைய பரிசோதனையிலிருந்து குடலில் தங்கிய கான்ட்ராஸ்ட் எல்லாம் இந்த ஒரு படத்தில்தான் தெளிவாக இருக்கும். வெறும் படம் எடுக்கப்படவில்லை என்றால், ரிப்போர்ட்டின் முதல் வரியிலேயே அதை எழுதுங்கள். தொடர்ந்து எழுதினால் எண்டோஸ்கோப்பி அறையில் எடுக்கத் தொடங்குவார்கள். இதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

3. நோயாளி எப்படிப் படுத்திருந்தார் என்று தெரியாமல் ஒரு வார்த்தையும் எழுதாதீர்கள்.

ஈஆர்சிபி பெரும்பாலும் குப்புறப் படுக்கவைத்தே செய்யப்படுகிறது. கான்ட்ராஸ்ட் பித்தத்தைவிட எடை கூடியது, தாழ்ந்த இடத்துக்கு ஓடும். கல்லீரலின் இடப்புறக் கிளை உடலின் முன்பக்கமாகச் செல்கிறது. குப்புறப் படுத்தால் முன்பக்கம்தான் தாழ்வு, ஆகவே இடப்புறம் முதலில் நன்றாக நிரம்பும். வலப்புறப் பின்கிளை மேட்டில் இருப்பதால் காலியாகவோ அரைகுறையாகவோ நிற்கும். நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்தால் கதை தலைகீழ்.

இந்தச் சாதாரண இயற்பியலை மறந்ததால் “வலப்புறக் குழாயில் அடைப்பு” என்று எழுதப்பட்ட ரிப்போர்ட்டுகள் உண்டு. உண்மையான அடைப்பை “குப்புறப் படுத்ததால் நிரம்பவில்லை” என்று தள்ளிவிட்டதும் உண்டு. இரண்டாவதுதான் அதிக ஆபத்து. மல்லாக்கவோ சாய்த்தோ எடுத்த படம் தொகுப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால், நிரம்பாத கிளையைப் பற்றி முடிவு சொல்ல முடியாது என்றே எழுதுங்கள். படத்தில் இடம் வலம் குறித்த அடையாளம் இல்லையென்றால், டெக்னீஷியனிடம் கேட்டு உறுதிசெய்யாமல் மேலே போகாதீர்கள்.

4. ஸ்கோப்பே உங்கள் அளவுகோல். எக்ஸ்ரேயில் எல்லாம் கொஞ்சம் பெரிதாகத் தெரியும், நேரடியாக அளந்தால் சாதாரணக் குழாயும் வீங்கியதுபோல் இருக்கும். டியோடினோஸ்கோப்பின் தடிமன் மாடலைப் பொறுத்து ஏறக்குறைய 11 முதல் 13 மி.மீ. அது எந்த மாடல் என்று கேட்டு, அதோடு ஒப்பிட்டுக் குழாயின் அகலத்தைக் கணக்கிடுங்கள். அதே ஸ்கோப் ஒரு திரையும்கூட. பித்தக்குழாயின் கடைசிப் பகுதி பல படங்களில் அதன் பின்னால் ஒளிந்திருக்கும். ஸ்கோப்பை நகர்த்தியோ வெளியே எடுத்தோ பிடித்த ஒரு படமாவது இருந்தால்தான் அந்தப் பகுதியைப் பற்றிப் பேசலாம்.

5. குழாய்க்குள் தெரியும் கரும்புள்ளி எல்லாம் கல் அல்ல.

கேத்தீட்டர் வழியே காற்றுக்குமிழி போவது சாதாரணம். குமிழி உருண்டையாக, விளிம்பு வழவழப்பாக இருக்கும். இரண்டு மூன்று சேர்ந்தால் ஒன்றையொன்று அழுத்தி வடிவம் மாறும். கல்லுக்குப் பெரும்பாலும் முகங்களும் மூலைகளும் உண்டு. மேசையின் தலைப்பக்கத்தை உயர்த்தினால் குமிழி கல்லீரல் பக்கம் ஏறும், கல் கீழ்முனைக்கு இறங்கும். இந்த நகர்வைக் காட்டும் இரண்டு படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தாலே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். இதற்காகத்தான் படங்களை எடுத்த நேர வரிசைப்படி பார்க்கச் சொல்கிறேன். பேக்ஸில் கடைசிப் படம் முதலில் வந்து நிற்கும், அதை மட்டும் பார்த்து முடித்துவிடத் தோன்றும். அந்த ஆசையை அடக்குங்கள்.

தொகுப்பில் விலைமதிப்புள்ளது கான்ட்ராஸ்ட் அப்போதுதான் நுழையத் தொடங்கிய முதல் படம். சிறிய கல் அதில்தான் தெரியும். வீங்கிய குழாய் அடர்ந்த கான்ட்ராஸ்டால் முழுக்க நிரம்பிய பிறகு, கெட்டிக் காபியின் அடியில் கிடக்கும் சர்க்கரைக் கட்டி மாதிரி கல் மறைந்துவிடும். வீங்கிய குழாய்க்குக் கான்ட்ராஸ்டைப் பாதியாக நீர்த்துச் செலுத்துவது இதனால்தான். நீர்க்காமல் செலுத்திய படத்தில் “கல் இல்லை” என்று எழுதும்போது உங்கள் பேனா கொஞ்சம் தயங்க வேண்டும்.

கீழ்முனையில் இன்னொரு மாயம் உண்டு. அங்கே இருக்கும் ஒடி (Oddi) சுருக்குத்தசை இறுகும் நொடியில் எடுத்த படத்தில், கல் வந்து அடைத்ததுபோலவே குழிந்த விளிம்பு தெரியும். தசை தளர்ந்ததும் அது காணாமல் போகும். ஒரே ஒரு படத்தில் மட்டும் இருந்து அடுத்ததில் இல்லாத “கல்” இப்படிப்பட்டதாக இருக்கலாம். நீளமாக, இரண்டு பக்கமும் இணைகோடுபோல ஓடும் நிழல் என்றால் உருண்டைப்புழுவை நினையுங்கள். காஷ்மீரில் குரூ இதை ஏராளமாகப் பதிவு செய்திருக்கிறார். இரத்தக்கட்டியும், சுவரிலிருந்து வளர்ந்த கட்டியும் இதே வேடத்தில் வரும். சுவரோடு ஒட்டியிருக்கிறதா, எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

6. நிரம்பிய குழாயைப் பார்ப்பது எளிது. நிரம்பாததை எண்ணுங்கள்.

என்னிடம் படிக்க வந்த யாருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான். இது எங்கே பயன்பட்டது என்று ஒரு கேஸைச் சொல்கிறேன்.

முப்பதைத் தாண்டிய ஒரு பெண். வேறோர் ஊரில் லேப்பராஸ்கோப்பி வழியாகப் பித்தப்பையை எடுத்திருந்தார்கள். வீடு திரும்பிய சில நாட்களில் காய்ச்சல், வலது விலாவுக்குக் கீழே வலி. அல்ட்ராசவுண்டில் கல்லீரலுக்கு அடியில் நீர் தேங்கியிருந்தது, ஊசி வைத்து இழுத்தால் பித்தம். கசிவு எங்கே என்று பார்க்க ஈஆர்சிபி செய்தார்கள். படம் பார்வைக்கு அழகாக இருந்தது. பித்தக்குழாய் மெல்லியதாக நேராக ஏறியது, பித்தப்பைக் குழாயின் அடிக்கட்டையில் கிளிப்புகள், மேலே இடமும் வலமும் கிளைகள். கான்ட்ராஸ்ட் எங்கும் வெளியே சிந்தவில்லை. எண்டோஸ்கோப்பி குறிப்பில் “கசிவு இல்லை” என்று இருந்தது. அவர்கள் பார்த்தவரை அது சரிதான்.

அன்று டியூட்டியில் இருந்த இரண்டாம் ஆண்டு மாணவி கிளைகளைப் பெயர் சொல்லி எண்ணினாள். இடப்புறம் இருக்கிறது. வலப்புற முன்கிளை இருக்கிறது. வலப்புறப் பின்கிளை எந்தப் படத்திலும் இல்லை. குப்புறப் படுத்ததால் இருக்கலாமா என்று தேடினாள். மல்லாக்கத் திருப்பி எடுத்த படம் ஒன்று இருந்தது, அதிலும் இல்லை. உடனே போன் செய்தாள். அன்று மாலையே எம்ஆர்சிபி எடுத்தார்கள். பின்கிளை தனியாகத் தாழ்ந்து வந்து, பித்தப்பைக் குழாய் இருந்த இடத்துக்கு அருகே அறுபட்டு, பித்தத்தை வயிற்றுக்குள் கொட்டிக்கொண்டிருந்தது.

1995-ல் ஸ்ட்ராஸ்பெர்க் குழு பித்தக்குழாய்க் காயங்களை வகைப்படுத்தியபோது இதற்கு சி என்று பெயர் வைத்தது. அறுபட்ட கிளைக்கும் முக்கியக் குழாய்க்கும் தொடர்பே இல்லாததால், கீழிருந்து செலுத்தும் கான்ட்ராஸ்ட் அங்கே போகவே போகாது. கசிவைத் தேடினால் கசிவு தெரியாது, குறைவைத் தேடினால் மட்டுமே தெரியும். ஸ்கோப்பைக் கையில் பிடித்திருப்பவர் சிந்துகிறதா என்று பார்க்கிறார், கம்பியை நகர்த்துகிறார், நோயாளியின் மூச்சைக் கவனிக்கிறார். நின்று நிதானமாகக் கிளைகளை எண்ணும் அவகாசம் அவருக்கு இருப்பதில்லை. நமக்கு இருக்கிறது. இந்தியாவில் 1990-ல் மும்பையில் உத்வாடியா தொடங்கிவைத்த லேப்பராஸ்கோப்பி பித்தப்பை அறுவை இன்று சிறு ஊர்களிலும் நடக்கிறது. இப்படிப்பட்ட படம் உங்கள் மேசைக்கும் ஒருநாள் வரும்.

வலப்புறப் பின்கிளை இடப்புறக் கிளையில் போய்ச் சேர்வது பலருக்கு இயல்பாகவே உண்டு. அதையும் ரிப்போர்ட்டில் எழுதுங்கள். அடுத்து அந்தக் கல்லீரலில் கத்தி வைக்கப்போகும் சர்ஜனுக்கு அந்த ஒரு வரி பெரிய உதவி.

7. கணையக்குழாய் நிரம்பியிருந்தால், எவ்வளவு தூரம் நிரம்பியது என்று சொல்லுங்கள். குழாயைத் தாண்டிக் கணையத்தின் திசுவே புகைபோல வெளுத்திருந்தால் அளவுக்கு மீறி அழுத்திச் செலுத்தியிருக்கிறது என்று பொருள். ஈஆர்சிபிக்குப் பின் வரும் கணைய அழற்சிக்கு அது ஒரு முன்னெச்சரிக்கை, வார்டு டாக்டர் அன்றிரவே தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

குழாய் குட்டையாக முடிந்தால் உடனே புற்று என்று எழுதிவிடாதீர்கள். கணையத்தின் இரண்டு பாகங்களின் குழாய்கள் பிறவியிலேயே இணையாமல் போவது கணையத்தின் பிறவி மாறுபாடுகளில் மிகச் சாதாரணமானது. அவர்களுக்குப் பெரிய பாப்பில்லா வழியே செலுத்தினால் சின்னதொரு குழாய்தான் நிரம்பும். ஆனால் அது மெல்லமெல்லக் குறுகி, நுண்ணிய கிளைகளாகப் பிரிந்து முடியும். புற்று அடைத்த குழாய் வெட்டியதுபோல் திடீரென நிற்கும். பித்தக்குழாயும் கணையக்குழாயும் ஒரே மட்டத்தில் நின்று, இரண்டும் பின்னால் வீங்கியிருந்தால் கணையத் தலையைச் சந்தேகியுங்கள், சிடியைத் திறந்து பாருங்கள்.

8. குழாயை விட்டு வெளியே வாருங்கள். கண் கான்ட்ராஸ்டின் வெண்மையிலேயே ஒட்டிக்கொள்ளும், படத்தின் ஓரங்களை யாரும் பார்ப்பதில்லை.

வலது சிறுநீரகத்தைச் சுற்றி கருங்கோடு ஓடுகிறதா? சோவாஸ் தசையின் விளிம்பு வழக்கத்துக்கு மாறாகக் கூர்மையாகத் தெரிகிறதா? டியோடினத்தின் வெளிப்புறமாகச் சிறுசிறு குமிழிகள் வரிசையாக நிற்கின்றனவா? பாப்பில்லாவைக் கீறும்போது துளை விழுந்தால் காற்று வயிற்றறைக்குப் பின்புறத்தில்தான் தங்கும். நோயாளி குப்புறப் படுத்திருப்பதால், உதரவிதானத்துக்குக் கீழே பிறை வடிவக் காற்றைத் தேடிப் பயனில்லை. 2000-ல் ஸ்டாப்ஃபர் குழு இந்தத் துளைகளை நான்கு வகையாகப் பிரித்தது. குடற்சுவரே கிழிவது முதல் வகை, வெறும் காற்று மட்டும் தெரிவது நான்காம் வகை. முதல் வகைக்குப் பெரும்பாலும் அறுவை வேண்டியிருக்கும், நான்காவது தானாகவே ஆறிவிடும். காற்றின் அளவை வைத்துக் காயத்தின் அளவைச் சொல்லாதீர்கள். துளை விழுந்த பின் எவ்வளவு நேரம் காற்று ஊதினார்கள் என்பதைத்தான் அது சொல்கிறது. சிடி எடுக்கச் சொல்லுங்கள்.

முள்ளெலும்பில் அரிக்கப்பட்ட இடம், விலாவில் பழைய முறிவு, நுரையீரலின் அடியில் நீர் எல்லாமே இந்தப் படங்களின் ஓரத்தில் கிடைக்கலாம். காமாலைக்குக் காரணமான கட்டி எலும்புவரை பரவியிருப்பதற்கான முதல் தடயம் பித்தக்குழாயில் இருக்காது.

9. பழைய படங்களைப் பக்கத்தில் வைக்காமல் ரிப்போர்ட் எழுதாதீர்கள். இந்த மறுபார்வையின் பயனில் பாதிக்கு மேல் இங்கேதான் இருக்கிறது. எண்டோஸ்கோப்பி அறையில் இருப்பவர்களுக்கு அன்றைய குழாய் தெரியும். போன மாத எம்ஆர்சிபி, போன வருட சிடி, நேற்றைய அல்ட்ராசவுண்ட் எல்லாம் ஒரே திரையில் இருப்பது நம்மிடம்தான். எம்ஆர்சிபியில் மூன்று கல் இருந்தது, ஈஆர்சிபியில் இரண்டு எடுத்ததாகக் குறிப்பு இருக்கிறது. மூன்றாவது எங்கே? கடைசிப் படத்தில் குழாய் சுத்தமா, இல்லை மூன்றாவது மேலே கிளைக்குள் ஏறிவிட்டதா? இந்தக் கேள்வியை நீங்கள் கேட்காவிட்டால் வேறு யாரும் கேட்கமாட்டார்கள்.

10. ஸ்டென்ட்டைப் பற்றி “ஸ்டென்ட் உள்ளது” என்று எழுதி முடிக்காதீர்கள். பிளாஸ்டிக்கா உலோகமா, எத்தனை, மேல்முனை சுருக்கத்தைத் தாண்டியிருக்கிறதா, கீழ்முனை குடலுக்குள் சரியாக நிற்கிறதா, எந்தக் கிளைக்குள் இருக்கிறது? 10 ஃப்ரெஞ்ச் பிளாஸ்டிக் குழாய் 3.3 மி.மீ. அகலந்தான். உலோக ஸ்டென்ட் வைத்த அன்று சுருக்கத்தின் இடத்தில் இடுப்பு ஒடுங்கியதுபோல் தெரிவது இயல்பு, ஓரிரு நாட்களில் விரியும்.

கல்லீரலின் வாயிலில் இடமும் வலமும் சேரும் இடத்தில் புற்று வந்து அடைத்தால் (கிளாட்ஸ்கின் 1965-ல் விரிவாக எழுதிய கட்டி அது) ஒரு விஷயத்தை உயிர்போகும் அவசரமாக நினையுங்கள். எந்தக் கிளைக்குள் கான்ட்ராஸ்ட் போனது, எந்தக் கிளைக்கு ஸ்டென்ட் கிடைத்தது என்று பட்டியல் போடுங்கள். கான்ட்ராஸ்ட் ஏறி, வடிய வழியில்லாமல் நின்றுவிட்ட கிளையில் கிருமி பெருகும். கடைசிப் படத்தில் எங்கே வெண்மை வடியாமல் தங்கியிருக்கிறது என்று பார்த்தால், நாளை யாருக்குக் குளிர்காய்ச்சல் வரக்கூடும் என்று இன்றே சொல்லலாம். இதை நீங்கள் சொன்னால் ரத்தத்தில் நஞ்சேறுவதற்கு முன்பே தோல் வழியாக அந்தக் கிளையை வடித்துவிட வாய்ப்பு உண்டு.

பிளாஸ்டிக் ஸ்டென்ட்டை வழக்கமாக மூன்று மாதத்துக்குள் எடுக்கவோ மாற்றவோ வேண்டும். கூலி வேலைக்குப் போகிறவர்கள் வலி நின்றதும் வருவதை நிறுத்திவிடுவார்கள். வருடங்கள் கழித்து வேறு காரணத்துக்காக எடுத்த வயிற்று எக்ஸ்ரேயில் அந்த ஸ்டென்ட் அப்படியே கிடக்கும், அதைச் சுற்றிக் கல் வளர்ந்திருக்கும். எந்தப் படத்தில் கண்டாலும் எழுதுங்கள், வைத்த தேதியைத் தேடிச் சேர்த்து எழுதுங்கள், நோயாளியின் டாக்டருக்குச் சொல்லுங்கள்.

11. பார்க்காததைப் பார்த்ததாக எழுதாதீர்கள். ஃபுளூரோஸ்கோப்பி என்பது ஓடும் காட்சி. நம்மிடம் வருவது அதிலிருந்து சேமித்த சில படங்கள் மட்டுமே. மூன்றே படம் வந்தால் மூன்று படத்துக்கு மட்டும் பொறுப்பேற்று எழுதுங்கள். “கீழ்முனை ஸ்கோப்பால் மறைக்கப்பட்டுள்ளது, மதிப்பிட இயலவில்லை” என்ற வரியில் எந்தக் குறைவும் இல்லை. முழுக் குழாயும் தெரியாத படத்தில் “இயல்பாக உள்ளது” என்று எழுதுவதுதான் குறை. அந்த வார்த்தையை நம்பி ஒருவர் அடுத்த முடிவை எடுப்பார்.

வீடியோத் துண்டுகளைச் சேமிக்க உங்கள் மருத்துவமனையில் வசதி இருந்தால் கேட்டு வாங்குங்கள். குறைந்தபட்சம் வெறும் படம், முதல் நிரப்பு, முழு நிரப்பு, ஸ்கோப் எடுத்த பின், வடிந்த பின் என்று ஐந்து நிலைகளுக்கும் ஒவ்வொரு படமாவது சேமிக்கச் சொல்லி எண்டோஸ்கோப்பி அறைச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

12. தாமதமாக வரும் சரியான ரிப்போர்ட்டால் யாருக்கும் பயனில்லை. அன்றைய ஈஆர்சிபியை அன்றே படியுங்கள். காற்று, விடுபட்ட கிளை, தங்கிய கல், இடம் மாறிய ஸ்டென்ட் ஆகிய நான்கில் எதைக் கண்டாலும் போனை எடுங்கள். யாரிடம், எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்பதை ரிப்போர்ட்டிலேயே எழுதுங்கள்.

பேசும் முறையும் முக்கியம். “நீங்கள் கவனிக்கவில்லை” என்று ஆரம்பித்தால் உரையாடல் அங்கேயே முடிந்துவிடும். “அண்ணா, வலப்புறப் பின்கிளை எனக்குக் கிடைக்கவில்லை, மேசையில் பார்த்தீர்களா?” என்று கேளுங்கள். பல நேரம் அவர் பார்த்திருப்பார், படம்தான் சேமிக்கப்படவில்லை. சில நேரம் மறுமுனையில் ஒரு நிமிட மௌனம் வரும். அந்த மௌனத்துக்குப் பின் எடுக்கப்படும் முடிவு நோயாளிக்கு நல்லது செய்யும். இருவர் கருத்தும் வேறுபட்டால் இரண்டு ரிப்போர்ட்டும் கோப்பில் இருக்கட்டும், ஏன் வேறுபட்டது என்ற ஒரு வரியோடு.

13. சிடியில் பித்தக்குழாய்க்குள் காற்றைக் கண்டு பதறுவதற்கு முன் ஈஆர்சிபி தேதியைப் பாருங்கள். பாப்பில்லாவைக் கீறியவர்களுக்கு அது இயல்பு. பித்தப்பையில் தங்கிய கான்ட்ராஸ்ட் அடுத்த நாள் சிடியில் கல்லை மறைக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

14. முதல் ஆண்டிலேயே அந்த அறைக்குப் போய் நில்லுங்கள். ஈய ஏப்ரனும் தைராய்டு கவசமும் அணிந்து, டிஎல்டி பேட்ஜை ஏப்ரனுக்கு உள்ளே நெஞ்சில் மாட்டிக்கொண்டு போங்கள். நம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு, ஐந்து ஆண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவெர்ட், எந்த ஒரு ஆண்டிலும் 30-க்கு மேல் கூடாது. அறையில் இருக்கும் செவிலியருக்கும் டெக்னீஷியனுக்கும் அதே கணக்குதான். ஃபுளூரோ நேரமும் டோஸ் அளவும் ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் இடம்பெறும்படி செய்யுங்கள். அந்த எண்ணைக் கேட்டு எழுதும் பொறுப்பு நம்முடையது.

அங்கே நின்றால், பாப்பில்லாவைத் தேடிப் பிடிப்பதற்கே எவ்வளவு நேரம் ஆகிறது, நோயாளி இருமும்போது படம் எப்படிக் கலங்குகிறது, மல்லாக்கத் திருப்புவது ஏன் எளிதல்ல என்பதெல்லாம் புரியும். கல்லைக் கூடையில் பிடித்து இழுக்கும்போது கூடவே வரும் காற்றையும் பார்ப்பீர்கள். அடுத்த முறை படங்கள் மேசைக்கு வரும்போது எந்தப் படம் எந்த நொடியில் எடுக்கப்பட்டது என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். அங்கே வேலை செய்யும் டெக்னீஷியனிடம் உங்கள் போன் எண்ணைக் கொடுத்துவிட்டு வாருங்கள். நோயாளி மேசையில் இருக்கும்போதே, “மேடம், இந்தக் கிளை வரவில்லை, ஒருமுறை சாய்த்து எடுக்கட்டுமா?” என்று அவர் கூப்பிட்டுக் கேட்கும்படி இருக்க வேண்டும்.